ஓட்டை சாரும் ஒட்டன்சத்திரத்துக் கோழிகளும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். பயமோ வெட்கமோ காரணமில்லை. விஷயம் எனக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். புரியாததை எழுதினால் பத்திரிகையில் போடுவார்களா, போட்டாலும் படித்தவர்கள் சிரிப்பார்களா என்று யோசித்தே காலம் ஓடிவிட்டது. போன கிருத்திகையன்று பழனி மலையில் படியேறும்போது, புரிந்தவர்கள் எழுதட்டும் என்று நான் காத்திருந்தால் அந்த மனிதரைப் பற்றி யாருமே எழுத மாட்டார்கள் என்று தோன்றியது. அதையே முருகன் கொடுத்த உத்தரவாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

திண்டுக்கல்லில் கடை வைத்திருக்கும் அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தி, பழனியாண்டவர் படத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். கடைக்கு வந்து, "நல்ல சரக்கு வேண்டாம், கெட்டுப்போன சரக்கு இருக்கா?" என்று கேட்ட வாடிக்கையாளர் இந்த ஊர் தோன்றிய நாளிலிருந்து ஒரே ஒருவர்தான். அவர்தான் எங்கள் ஓட்டை சார்.

எனக்கு நாகல் நகரில் கம்பி வலைக் கடை. கொசு வலை, மணல் சலிக்கிற வலை, வேலிக் கம்பி எல்லாம் உண்டு. அதிகம் போவது கோழி வலை. ஆறு மூலை ஆறு மூலையாக, தேன்கூடு போல மெஷினில் முறுக்கிப் பின்னிச் சுருட்டி வரும். படிப்பு எனக்குப் பத்தாவதோடு சரி. அந்தப் பத்தாவதிலும் அறிவியல் பாடம் என்னைக் கண்டால் ஒதுங்கியே போகும்.

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்த சமயம். ஒரு நாள் காலையில் ஒல்லியாக, சட்டைப் பித்தானை ஒரு ஓட்டை தள்ளி மாட்டிய ஒருவர் கடை முன்னால் வந்து நின்றார். முதுகில் ஒரு நீளத் துண்டு செலோ டேப் ஒட்டியிருந்தது. அது அவருக்குத் தெரியாது.

"அண்ணே, கோழி வலை இருக்கா?"

"இருக்கு சார். எம்புட்டு வேணும்?"

"நல்லது வேண்டாம்ணே. பின்னல் தப்பினது வேணும்."

விற்பனை வரி இலாகாவோ என்று ஒரு சந்தேகம். 'நம்ம கடையில் தப்பு சரக்கே கிடையாது சார்' என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. கடன் கேட்டு இல்லை என்று சொன்னால்கூட ஒரு முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. மனசு கேட்காமல், பழைய இரும்புக்குப் போட ஒதுக்கி வைத்திருந்த ஒரு சுருளை எடுத்து விரித்தேன். மெஷின் எங்கோ இடறி, நடுவில் ஒரு வரிசை கோணலாகப் போயிருந்தது. ஆறு மூலை வர வேண்டிய இடத்தில் ஐந்து மூலை இரண்டு, அதை அடுத்து எட்டு மூலையில் பெரிய ஓட்டை ஒன்று. மறுபடியும் ஐந்து இரண்டு, எட்டு ஒன்று.

அவர் அதைப் பார்த்தார். அடுத்து என்னைப் பார்த்தார். பிறகு வலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கம்பி குத்தும் என்று சொல்வதற்குள் குத்திவிட்டது.

"ஆயிரம் வருசம் நல்லா இருப்பீங்கண்ணே" என்றார், கன்னத்தில் ரத்தத்தோடு.

அன்று சாயங்காலமே நாகல் நகர் முழுக்க அவருக்கு ஓட்டை சார் என்று பெயர் விழுந்துவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்பதால் எழுதவில்லை.

சேவுகம்பட்டிப் பக்கத்துக்காரர். அப்பா இல்லை. அம்மா தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு கல்லூரியில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கும் படித்துக்கொண்டிருந்தார். வலையைக் கட்டிப்பிடித்த அதே மாதத்தில் எங்கள் வீட்டு மாடி அறைக்குக் குடி வந்தார். சாமான் என்று பார்த்தால் ஒரு பாய், ஒரு கம்ப்யூட்டர், ஓட்டை வலை, ஒரு பெட்டி நிறைய பென்சில், இன்னொரு பெட்டி நிறைய செலோ டேப்.

என் வீட்டுக்காரி தனத்துக்கு, குடி வந்தவர் என்ன செய்கிறார் என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. மறுநாளே ரசம் கொடுக்கிற சாக்கில் மாடி ஏறினாள்.

"என்ன ஆராய்ச்சி தம்பி பண்றீக?"

"கிராஃபீன் மதினி."

தனம் கீழே வந்து எனக்குச் செய்தி வாசித்தாள். "கிராம்பு ஆராய்ச்சியாம்ங்க."

"கிராம்புல என்னடி ஆராய்ச்சி?"

"நானும் அதேன் கேட்டேன். பல்வலிக்கு நல்லதுன்னு எங்க ஆத்தாவே கண்டுபுடிச்சிருச்சே, நீங்க என்ன புதுசான்னு. அவரு சிரிக்கிறாரு."

இப்படியாக, பிரியாணிக்குப் பேர்போன ஊரில் கிராம்பு ஆராய்ச்சி செய்ய ஒரு வாத்தியார் வந்திருக்கிறார் என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. பிரியாணிக் கடைக்காரர் ஒருவர் நேரில் வந்து, எந்த ஊர்க் கிராம்பு வாசம் நிற்கும் என்று ரகசியமாகக் கேட்டுவிட்டுப் போனார். ஓட்டை சார் மறுக்கவில்லை. யார் என்ன கேட்டாலும் 'யோசிச்சுச் சொல்றேன்' என்பது அவர் வழக்கம்.

அது கிராம்பு இல்லை என்று தனத்துக்குத் தெரிய வந்தது பென்சிலால்தான். லீவு நாளில் சார் உட்கார்ந்து பென்சிலைச் சீவுவார். அந்தக் கரித் துண்டை செலோ டேப்பில் ஒட்டுவார். இன்னொரு டேப்பை அதன்மேல் ஒட்டிப் பிரிப்பார். பிரித்ததை மறுபடி ஒட்டிப் பிரிப்பார். கதவு, ஜன்னல், தண்ணீர்க் குடம், அவர் முழங்கை எங்கும் டேப். எங்கள் வீட்டுப் பூனை ஒரு வாரம் வாலில் டேப்போடு திரிந்தது.

"தம்பி, பென்சில் எழுதறதுக்குப்பா" என்றாள் தனம்.

"இதுக்குள்ளதான் கிராஃபீன் இருக்கு மதினி. கரி அடுக்கடுக்கா இருக்கும். உரிச்சு உரிச்சுக் கடைசியில ஒரே ஒரு அடுக்கு மிஞ்சும். நம்ம அண்ணன் கடைக் கோழி வலை மாதிரியே, ஆறு மூலை ஆறு மூலையா."

"காட்டுங்க பாப்பம்."

"கண்ணுக்குத் தெரியாது மதினி."

"அப்ப இருக்குதுன்னு எப்புடிச் சொல்றீக?"

சார் கொஞ்சம் யோசித்தார். "இருக்கு மதினி. பெரிய மைக்ராஸ்கோப் வச்சிருக்கிறவுக பார்த்திருக்காக. அவுக சொன்னதை நம்புறேன்."

தனம் இறங்கி வந்து இதை அப்படியே என்னிடம் சொன்னாள். எனக்கு இந்த இடத்தில் மட்டும் குழப்பம் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாததை, பார்த்தவர்கள் சொன்னார்கள் என்று நம்புவது எனக்குப் புதிதா என்ன? தினமும் காலையில் கடை ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் அதைத்தானே செய்கிறேன்.

குழப்பம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பமானது. ஒரு நாள் கடையில் வியாபாரம் இல்லாத நேரத்தில் நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "சார், அந்தக் கரி வலையை வச்சு என்னதேன் பண்ணப் போறீக?"

"நீங்க வருசா வருசம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறீங்கள்ல அண்ணே?"

"ஆமா."

"கரண்டுங்கிறதும் அப்படித்தான். எலெக்ட்ரான்னு பொடிப்பொடியா, பாதயாத்திரைக் கூட்டம் மாதிரி நடந்து போகும். மத்த ரோட்டுல கல்லு, முள்ளு, இடிபாடு. இந்தக் கிராஃபீன் ரோடு இருக்கே, வழவழன்னு இருக்கும். கூட்டம் பறக்கும். ஒருத்தரும் நிக்க மாட்டாங்க. நில்லுன்னாலும் நிக்க மாட்டாங்க."

"முருகனைப் பாக்கப் போறவன் எதுக்கு சார் நிக்கணும்?"

"நிக்கணும்ணே! போ, நில்லு, போ, நில்லு. அப்படிச் சொன்னபடி கேட்டாத்தான் அதை வச்சு ஒரு மிஷின் செய்யலாம். அதனால நான் என்ன பண்றேன், அந்த ரோட்டுல வேணும்னே வரிசையா ஓட்டை போடறேன். அந்த ஓட்டை வரிசைகிட்ட வந்ததும் கூட்டத்துல ஒரு பாதி இந்தப் பக்கம், இன்னொரு பாதி அந்தப் பக்கம்னு ஒழுங்காப் பிரியும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாதயாத்திரை ரோட்டுல குழி வெட்டுவீகளா? ஏன் சார், விரதம் இருந்து காவடி எடுத்து வாரவன் கால் ஒடிஞ்சா அந்தப் பாவம் யாருக்கு?"

"ஐயோ, நிஜ ரோடு இல்லண்ணே!"

"நீங்கதேன ரோடுன்னீக?"

அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். நானும் பிடித்துக்கொண்டேன். டீக்கடைக்காரர் இரண்டு பேருக்கும் தலைவலி என்று நினைத்து இஞ்சி டீ கொடுத்து அனுப்பினார்.

இந்தப் பேச்சை மாவு மில் பாண்டி அரைகுறையாகக் கேட்டுவிட்டார். அதுதான் வினை. அந்தக் காலத்தில் கரண்டு எப்போது போகும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மில்லில் அரிசி பாதி அரைத்து நிற்கும். ஒரு நாள் பகலில் கரண்டு போய் வெகுநேரம் வரவில்லை. பாண்டி உடம்பெல்லாம் மாவோடு, பின்னால் ஒரு சின்னக் கூட்டத்தோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏலே அப்பு, வெளிய வாய்யா! நீதேன கரண்டை நிறுத்துறதுக்குப் படிக்கிறது?"

ஓட்டை சார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "யாருண்ணே சொன்னது?"

"நீயே சொன்னியேய்யா! கரண்டு ஓடுது, அதைப் புடிச்சு நிறுத்தணும்னு. ஊரே வரமாட்டேங்குதுன்னு அழுகுது, நீ நிக்கமாட்டேங்குதுன்னு அழுகுறியாக்கும்?"

"அது எங்கிட்ட நிக்கலண்ணே!" என்று சார் பரிதாபமாகச் சொன்னார். "சத்தியமா எவ்வளவோ முயற்சி பண்ணிட்டேன். நிக்கவே மாட்டேங்குது!"

இதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் கூட்டம் நின்றது. அந்த நேரம் பார்த்துக் கரண்டு வந்து, மில் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. பாண்டி மாடியை அண்ணாந்து பார்த்தார். அவர் பார்வையில் கொஞ்சம் பயமும் கொஞ்சம் மரியாதையும் கலந்திருந்தது. அதற்கப்புறம் முக்கியமான அரைப்பு இருந்தால், "சார், செத்த நேரம் உங்க ஆராய்ச்சியை நிறுத்தி வைங்க" என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவார். சாரும் பெருந்தன்மையாகக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மொட்டை மாடியில் உலாத்துவார்.

எல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் சேவுகம்பட்டியிலிருந்து வருகிற அவருடைய அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மகனுக்கு முப்பது தாண்டிவிட்டது. கல்யாணம் கூடி வரவில்லை.

கூடி வராததற்குக் காரணம் ஜாதகம் இல்லை, அவருடைய வாய். முதலில் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அண்ணன் "எங்க தங்கச்சியப் புடிச்சிருக்கா?" என்று கேட்டிருக்கிறான். இவர் பெருமூச்சு விட்டு, "ஒரு குறையும் தெரியலையே" என்று சோகமாகச் சொல்லியிருக்கிறார். அது போயிற்று. அடுத்து வந்தவர்கள் கிராம்பு வியாபாரி என்று நம்பி வந்தவர்கள். குடோன் எங்கே என்று கேட்டுவிட்டு, மாடியில் டேப்பைப் பார்த்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

நான் அவருக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்தேன். அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். "சாமி, இவருக்கு இருக்கிற குறையெல்லாம் தீரணும்னு வேண்டிக்கங்க" என்று குருக்களிடம் சொன்னதும், சார் பதறிப்போய் என் கையைப் பிடித்தார். "அண்ணே, குறை தீர வேண்டாம்னு சொல்லுங்க! தீர்ந்துட்டா என் ஆராய்ச்சி போச்சு!" தட்டோடு நின்ற குருக்களுக்கு எந்தப் பக்கம் மந்திரம் சொல்வது என்று தெரியவில்லை. சாமியிடமே குறையை வைத்துக்கொள்ள அனுமதி கேட்ட ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

மூன்றாவதாக ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு இடம் வந்தது. காய்கறி மண்டி வைத்திருக்கும் குடும்பம். பெண் பெயர் கோமதி, பி.காம். படித்துவிட்டு மண்டிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"இந்த எடமும் போச்சுன்னா இனிமே நான் எவுக வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டேன் தம்பி. எனக்கு அப்புறம் இவனுக்கு யாரு? இவனா ஒலை வச்சு, இவனா குடிச்சு... டேப்பைத் தின்னுருவான் தம்பி இவன்."

நான் சாரைப் பார்த்தேன். அவர் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பேச்சு எடுத்தால் ஓடிப்போகிற மனிதர், அன்றைக்கு நகரவில்லை. அம்மா அடுப்படிக்குப் போனதும் என்னிடம் மெதுவாகக் காட்டினார்.

"சிரிக்கிறாங்க பாருங்கண்ணே. ஒரு பல்லு மட்டும் வரிசை தப்பி நிக்குது."

"தெத்துப்பல்லு சார். பரவால்லயா?"

"பரவால்லயாவா!" என்றார். அவர் அந்தத் தெத்துப்பல்லைப் பார்த்த பார்வையை நான் ஏற்கனவே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். என் கடையில், பின்னல் தப்பிய வலையை விரித்தபோது.

அப்போதுதான் எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. மனுசனுக்கு இந்தத் தடவை நிஜமாகவே ஆசை வந்திருக்கிறது. இது கெட்டுப்போனால் தாங்கமாட்டார்.

நானும் தனமும் அவருக்கு ஒரு வாரம் பாடம் நடத்தினோம். பல்லைப் பற்றிப் பேசக்கூடாது. ஓட்டை என்ற வார்த்தை வரக்கூடாது. குறை என்ற வார்த்தை வரவே கூடாது. வேலை என்ன என்றால் வாத்தியார். அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். தனம் சூடத்தை ஏற்றிச் சத்தியம் வாங்கினாள்.

அந்த நாள் வந்தது. அம்மா, நான், தனம், சார் நாலு பேரும் வேனில் போனோம். வழியெல்லாம் நான் கந்தர் சஷ்டி கவசம் முணுமுணுத்துக்கொண்டே போனேன். பெரிய வீடு. பெண்ணின் அப்பா வெள்ளை வேட்டி, கனத்த மீசை. உளுந்து வடையும் கேசரியும் வந்தது. கோமதி வந்து கும்பிட்டுவிட்டு அவளுடைய அம்மா பக்கத்தில் நின்றாள்.

சார் வடையைக் கையில் எடுத்தார். நடுவில் இருந்த ஓட்டை வழியாக எதிர்ச் சுவரைப் பார்த்தார். தனம் காலால் ஒரு மிதி கொடுத்தாள். வடை கீழே இறங்கியது.

"மாப்ளைக்கு வேலை என்னங்க?" என்றார் பெண்ணின் அப்பா.

"வாத்தியாருங்க" என்றார் சார். நான் முருகனுக்கு நன்றி சொன்னேன்.

"மேக்கொண்டு படிக்கறாப்ல சொன்னாங்களே. என்ன படிப்புங்க?"

"டிஃபெக்ட் பத்திங்க."

"அப்படின்னா தமிழ்ல என்னங்க?"

சார் என்னைப் பார்த்தார். நான் தனத்தைப் பார்த்தேன். தனம் கேசரியைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத மனிதருக்கு ஒரு வார்த்தையைத் தடை செய்தால், அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வந்து நிற்கும்.

"குறைங்க" என்றார்.

"குறையா?"

அதற்கு மேல் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஒரு வாரமாக அடைத்து வைத்தது மொத்தமாக வந்தது. "ஆமாங்க. எல்லாம் நல்லா இருந்தா அது நம்ம பேச்சைக் கேக்காதுங்க, அது பாட்டுக்கு ஓடும். அதனால எங்கெங்க குறை இருக்குன்னு கண்டுபுடிச்சு, அந்தக் குறையை வச்சே அதை நம்ம சொன்னபடி கேக்க வைக்கறதுதாங்க என் வேலை. குறை இல்லேன்னா நாமளே உண்டாக்கிறணும்."

பெண் பார்க்க வந்த வீட்டுக் கூடத்தில், பெண்ணைப் பெற்றவர் முகத்துக்கு நேராக!

பெண்ணின் அப்பா மீசையைத் தடவுவதை நிறுத்திவிட்டார். சாரின் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான், "கரண்டைச் சொல்றாருங்க, பாதயாத்திரை மாதிரி..." என்று ஆரம்பித்து, எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாமல், "...ஆனா நிஜ ரோடு இல்லைங்க" என்று முடித்தேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

"சரிங்க" என்றார் அவர், எழுந்து. "பலகாரம் சாப்ட்டுட்டுப் போங்க. நாங்க கலந்து பேசிச் சொல்லி அனுப்பறோம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஓட்டை சாருக்கும் தெரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை. கை கழுவ வேண்டும் என்று முணுமுணுத்துவிட்டுப் புழக்கடைப் பக்கம் போனார்.

போனவர் வரவில்லை. காத்திருந்தோம். அப்போதும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில், கோமதியையும் காணோம் என்று அவள் அம்மாவுக்கு உறைத்தது. "ஏனுங்க, புள்ளையக் காணோமுங்க!" என்று ஒரு சத்தம். எல்லோரும் எழுந்து புழக்கடைக்கு ஓடினோம். நான் முருகா முருகா என்று ஓடினேன். இந்த மனிதர் இன்னும் என்ன செய்து வைத்திருக்கிறாரோ!

புழக்கடையில் கோழிகளுக்கு வலைவேலி போட்டிருந்தார்கள். கோழி வலைதான், ஆறு மூலை. வேலிக்கு அந்தப் பக்கம் கோழிக் கூடு. இந்தப் பக்கம் வெட்டவெளியில் மேய்ந்துவிட்டு வந்த கோழிகள். வலையில் தரையோரமாகப் பின்னல் பிரிந்து ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்கு எதிரே ஓட்டை சார் வேட்டி மண்ணில் புரளக் குந்தியிருந்தார். இரண்டு முழம் தள்ளிக் கோமதி பட்டுச் சேலையோடு குந்தியிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்கால வெயில். கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாக, ரேஷன் கடை வரிசை மாதிரி, அந்த ஓட்டை வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. பெட்டைகள் ஓட்டைக்கு உள்ளே போனதும் இடது பக்கம் திரும்பின. குஞ்சுகள் வலது பக்கம் திரும்பின. தள்ளுமுள்ளு இல்லை. சத்தம் இல்லை.

பெண்ணின் அப்பாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வந்தவர்கள் முன்னால் வேலி கிழிந்து கிடக்கிறதே. "அட, இது இன்னும் அடைக்கலயா? ஆளு விட்டு நாளைக்கே அடைச்சுப்போடறனுங்க."

"அடைக்காதீங்க!"

கத்தியது ஓட்டை சார். அவர் கத்தி நான் கேட்டது அது ஒரு தடவைதான். ஒரு சேவல் பயந்து வேலிமேல் ஏறிவிட்டது.

கோமதி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம், "நானும் அதையேதானுங்கப்பா சொல்லிட்டிருக்கேன். இந்த வூட்ல யாரு கேக்கறாங்க? கதவைத் தொறந்து உட்டா நாலு பக்கமும் சிதறி ஓடுதுங்க. இந்த ஓட்டை இருந்தாத்தான் ஒழுங்கா வருதுங்க. அதான் நீங்க அடைக்க அடைக்க நான் பிரிச்சு உடறேன்" என்றாள்.

"நீயா பிரிச்சு உடறே?"

"ஆமாங்கப்பா."

ஓட்டை சார் மெதுவாக எழுந்து நின்றார். கும்பிடுவதா அழுவதா என்று தெரியாமல் கையைப் பாதி தூக்கி நிறுத்தியிருந்தார். "இதைத்தாங்க..." என்றார். "கூடத்துல இதைத்தாங்க சொன்னேன்."

கோமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்த ஒற்றைத் தெத்துப்பல் வெயிலில் தெரிந்தது. "ஏனுங்க," என்றாள், "அப்ப அந்தக் குறைன்னு சொன்னது எனக்கில்லீங்களா?"

"வலைக்குங்க!"

பெண்ணின் அப்பா வலையைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. எனக்கு ஒரு துணை கிடைத்த ஆறுதல். "என்னமோ போங்க," என்று என் தோளைத் தட்டினார். "இந்தப் புள்ள பேச்சைப் புரிஞ்சுக்கற ஆளு ஒருத்தன் கெடைச்சானே. உள்ள வாங்க, காப்பி சாப்டலாம்." சாரின் அம்மா அங்கேயே, கோழி எச்சம் கிடந்த மண்ணிலேயே, பழனி இருக்கும் திசை பார்த்து விழுந்து கும்பிட்டார்.

கல்யாணத்தில் நான்தான் ஒரு தப்பு செய்தேன் என்று இன்றைக்கும் தனம் சொல்வாள். அட்சதை போடும்போது எல்லோரும் சொல்வது மாதிரி 'ஒரு குறையும் இல்லாம நல்லா இருங்க' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சார் என்னைப் பார்த்தார். கோயிலில் என் கையைப் பிடித்தது ஞாபகம் வந்தது. "குறையோட நல்லா இருங்கப்பா!" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். மண்டபம் முழுக்கத் திரும்பி என்னை முறைத்தது. மணவறையில் இருந்த இரண்டு பேர் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் இரண்டு பேரும் எங்கள் மாடியில் இருந்தார்கள். டேப் குறைந்து, சட்டைப் பித்தான் நேரானது. கரண்டு மட்டும் அதே மாதிரி போய்ப்போய் வந்தது. பட்டம் வாங்கியதும் வடக்கே ஏதோ ஊரில் பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்து, மூட்டை கட்டினார்கள். மாவு மில் பாண்டி ரயிலடி வரைக்கும் வந்து, "சார், போற எடத்துல பாத்து நிறுத்துங்க, பாவம் அவுகளும் மனுசங்கதேன்" என்று புத்தி சொல்லி அனுப்பினார். அந்த ரோட்டில் அந்தக் கூட்டம் கடைசியில் நின்றதா, சொன்னபடி கேட்டதா, எதற்காக இரண்டாகப் பிரிந்தது, இது எதுவும் எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் சொல்வார். அப்புறம் எனக்குத் தலைவலி வரும்.

முதல் நாள் கட்டிப்பிடித்த அந்த வலைத் துண்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். கடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். முருகனுக்கு வைக்கிற பூவில் ஒரு கிள்ளு அதற்கும் உண்டு. கடைக்கு வருகிறவர்கள், "அண்ணாச்சி, வலையில ஓட்டை இருக்கு பாருங்க" என்று அக்கறையாகச் சொல்வார்கள். இருக்கட்டும் என்பேன். எப்போதாவது போன் வரும். "அண்ணே, ஓட்டை எப்படி இருக்கு?" என்பார். "அடைக்கல சார்" என்பேன். பின்னால் கோமதி சிரிக்கிற சத்தம் கேட்கும்.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் ஒன்று. ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை விடாமல், இருக்கிறபடியே சொல்லுங்கள். இதில் எனக்குப் புரியாத இடங்கள் ஓட்டை ஓட்டையாகக் கிடக்கின்றன. விஷயம் தெரிந்தவர்களுக்கு அதை அடைக்கக் கை துறுதுறுக்கும். தயவுசெய்து அடைத்துவிடாதீர்கள். என்றைக்காவது ஒரு சாயங்காலம் ஓட்டை சார் வீடு திரும்பினால், அந்த வழியாகத்தான் வருவார்.